அம்மாவின் மூட்டு வலிக்குப் பெயர் கிடைக்கப் பதினான்கு மாதம்: நீங்களும் அப்படி அலையாமலிருக்க

விழுப்புரம் பக்கத்தில் அம்மா சின்னதாக ஒரு டிபன் கடை நடத்துகிறார். வயது 47. ஒருநாள் காலையில் இட்லித் துணியைப் பிழியக் கை மடங்கவில்லை என்றார். "நேத்து ரெண்டு ஈடு மாவு அதிகமா ஆட்டிட்டேன், அதான்" என்று காரணமும் அவரே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து "இது முடக்குவாதம்" என்று ஒருவர் சொல்லும்வரை பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் ஆறு மருத்துவர்கள், ஒரு பொடிக்காரர், நான்கு முறை முழங்கால் எக்ஸ்ரே, இருபத்தொரு நாளைக்கு ஒன்றாகப் பென்சிலின் ஊசிகள், கிட்டத்தட்ட 38,000 ரூபாய். கடைசியில் நோயைக் கண்டுபிடித்தவர் செய்ததெல்லாம் அம்மாவின் இரண்டு கைகளையும் மடியில் வாங்கி ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்ததுதான். ஐந்து நிமிடம்.

நான் மருத்துவன் இல்லை. கீழே இருப்பதை வைத்து வீட்டிலேயே நோய்க்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள். சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான காகிதங்களோடு போய்ச் சேருவதற்குத்தான் இது.

1. முதலில் இது எந்த வகை வலி என்று பிரியுங்கள்

மூட்டு வலியை இரண்டு கூடையில் போடலாம். ஒன்று தேய்மான வலி. வயதானவர்களின் முழங்கால் வலி பெரும்பாலும் இதுதான். நடந்தால், படி ஏறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழும்போது பிடிப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

இன்னொன்று அழற்சி வலி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே எதிரி என்று எண்ணித் தாக்குவதால் வருவது. இது தலைகீழ்: ஓய்வில் கூடும், வேலை செய்யச் செய்ய இளகும். விடியற்காலையில் மோசமாக இருக்கும். அம்மா ஐந்து மணிக்கு எழுந்தால் ஏழு மணி வரை இட்லிக் குண்டானைத் தூக்க முடியாது. பத்து மணிக்குச் சாதாரணமாகத் தோசை வார்ப்பார். மருத்துவமனைக்குப் போகும் பதினொரு மணிக்கு விரல்கள் நன்றாகவே மடங்கும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு:

விறைப்பு எவ்வளவு நேரம்? முக்கால் மணி, ஒரு மணி என்று நீண்டால் கவனியுங்கள்.

வெறும் வலியா, வீக்கமும் உண்டா? விரல் கணுவைத் தொட்டால் மெத்தென்று பஞ்சு போல இருக்கும். மோதிரம் கழலாது. அடிக்கணுக்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் மறைந்துவிடும்.

எந்தக் கணு? அழற்சி வகையைச் சேர்ந்த முடக்குவாதம் (எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள்) விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி இவற்றில்தான் அதிகம் உட்காரும். நகத்துக்குப் பக்கத்திலுள்ள நுனிக்கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். அநேகமாக இரண்டு கையிலும் இருக்கும்.

நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து, கைகுலுக்குவது போல மெல்ல அழுத்துங்கள். சுள்ளென்று வலித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதத்திலும் இதே போலப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு மேல் இப்படியே நீடித்தால் தள்ளிப்போட வேண்டாம்.

பொறி: "ஊருக்கே சிக்குன்குனியா வந்துட்டுப் போச்சு, அந்த வலிதான்." இது பொய்யில்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு வீங்கும். முடக்குவாதம் மாதிரியே இருக்கும். அதனால் காய்ச்சல் வந்ததா, எந்தத் தேதியில், வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்று எழுதி வையுங்கள். காய்ச்சலே வராதவருக்கு யாராவது சிக்குன்குனியா என்றால் நம்பிவிடாதீர்கள். நாங்கள் நம்பி மூன்று மாதம் போனது.

2. முதுகு வலியைத் தனியாகப் பாருங்கள்

இதை மூட்டு நோய்க் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. இருபது, முப்பது வயதில் மெதுவாகத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவு மூன்று நான்கு மணிக்கு எழுப்பிவிடும் இடுப்பு வலி. எழுந்து நடமாடினால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது. வலி ஒருநாள் வலப்புட்டத்தில், இன்னொரு நாள் இடப்புட்டத்தில் என்றால், அது டிஸ்க் பிரச்சினையாக இல்லாமல் முதுகுத்தண்டு அழற்சியாக இருக்கலாம். கூடவே குதிகால் வலியோ, கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போன கதையோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். என் கல்லூரி நண்பன் ஒருவன் இரண்டு சக்கர வண்டியில் அலைவதால் வந்த முதுகு வலி என்று நான்கு வருடம் பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்தான். முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருடங்கள் ஆகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

3. மூட்டை விட்டு வெளியே தேடுங்கள்

மருத்துவர் கேட்கும்வரை நமக்கு இதெல்லாம் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது. வாய்ப்புண்ணுக்கும் முழங்கை வலிக்கும் என்ன தொடர்பு என்றுதான் நினைப்போம். எதிர்ப்புச் சக்தி மூட்டு, தோல், உள்ளுறுப்பு என்று பலவற்றையும் தாக்கும் இணைப்புத்திசு நோய்கள் இப்படித்தான் உடம்பெங்கும் துண்டு துண்டாகத் தடயம் விட்டு வைக்கின்றன. கீழே உள்ளதை நோயாளியோடு உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள்.

முகம், தோல்: கன்னம் இரண்டிலும் மூக்கின் மேலும் படர்ந்து, மூக்கோரத்திலிருந்து வாய் நோக்கி இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவைக்கும் தடிப்பு, இந்த நோய்களில் ஒன்றான லூப்பஸின் அடையாளங்களில் ஒன்று. புத்தகப் படங்களில் ரோஜா நிறத்தில் இருக்கும். நம் தோலில் அது கரும்பழுப்பாகத்தான் தெரியும். "மங்கு விழுந்திருக்கு" என்று க்ரீம் வாங்கிப் பூசிக்கொண்டிருப்பார்கள். வெயிலில் போனால் கூடுகிறதா என்று கேளுங்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, மேலண்ணத்தில் வலிக்காத புண் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். லூப்பஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆகியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெண்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள்.

விரல் நிறம்: குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால், கொடைக்கானல் போனால், விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கின்றனவா? விரல்கள் உப்பி, தோல் இறுகி, வாயை முன்போல அகலத் திறக்க முடியவில்லையா? தோலில் உப்பும் மிளகும் தூவிய மாதிரிப் புள்ளிகளா? இவை தோல் இறுக்க நோயின் அடையாளங்கள். மூச்சு வாங்குகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நுரையீரலைத் தொடும் நோய் இது.

வறட்சி: கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், தண்ணீர் குடிக்காமல் சப்பாத்தி விழுங்க முடியாமை, திடீரென்று பல பற்கள் சொத்தை. ஷோக்ரன் நோயில் இப்படி இருக்கும்.

பலவீனம்: வலி அதிகமில்லை, ஆனால் கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும் என்றால் தசை அழற்சியாக இருக்கலாம். கண்ணிமை மேல் ஊதா நிறம், விரல் கணுக்களின் மேல் தடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

தலை, நகம்: பொடுகு என்று நினைத்திருப்பது சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா? சொரியாசிஸோடு வரும் வாதத்தில் நுனிக்கணுவும் வீங்கும். ஒரு விரல் முழுக்க உருளையாக உப்பிவிடும்.

நாடி: இளம் பெண்ணுக்கு ஒரு கையில் ரத்த அழுத்தம் ஒன்றும், மறு கையில் வெகுவாக வேறொன்றும் காட்டினால், வேலை செய்தால் கை சோர்ந்து விழுந்தால், பெரிய ரத்தக்குழாய் அழற்சியைப் பற்றி யோசிப்பார்கள். இரண்டு கையிலும் அளக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

4. இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, கொதித்து, காய்ச்சலும் அடித்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீழ் பிடித்த மூட்டு சில நாட்களில் அழிந்துவிடும். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேலே தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சிறுநீர் சோப்பு நுரை போலப் போவது, காலும் முகமும் வீங்குவது, இளவயதிலேயே ரத்த அழுத்தம் ஏறுவது: லூப்பஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். இதில் வலியே இருக்காது.

கண் சிவந்து பார்வை மங்குவது, திடீர் மூச்சுத்திணறல், வலிப்பு, விழுங்க முடியாமை, விரல் நுனி கறுப்பது, ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக வந்த கடும் தலைவலியோடு மெல்லும்போது தாடை வலி. இவையும் இதே பட்டியல்தான்.

ஒரே மூட்டு, வாரக்கணக்கில் மெதுவாக வீங்கிக்கொண்டே வந்தால் காசநோயை நம் ஊரில் மறக்கக் கூடாது.

5. யாரிடம் போவது

நாங்கள் செய்த பெரிய தப்பு இதுதான். மூட்டு என்றால் எலும்பு மருத்துவர் என்று நினைத்தோம். எலும்பு முறிவு, தேய்மானம், அறுவை சிகிச்சை என்றால் அவரிடம்தான் போக வேண்டும். அழற்சி மூட்டு நோய்க்கும் இணைப்புத்திசு நோய்க்கும் தனிப் படிப்பு படித்தவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு வாதவியல் நிபுணர். பெயர்ப்பலகையில் 'டி.எம். ருமட்டாலஜி' அல்லது 'கிளினிக்கல் இம்யூனாலஜி' என்று இருக்கிறதா பாருங்கள். "மூட்டு வலி சிறப்பு மருத்துவர்" என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

அரசுத் தரப்பில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறை உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. அரசுடையது அல்லாத வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. மாவட்டத் தலைநகரில் நிபுணர் இல்லையென்றால் அங்குள்ள அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எலும்புப் பிரிவுக்கு அல்ல. அந்த ஒரு காகிதம் பெரிய மருத்துவமனை வரிசையில் உங்களுக்குப் பாதி நாளை மிச்சப்படுத்தும். இந்தப் புறநோயாளிப் பிரிவுகள் பெரும்பாலும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் நடக்கும். கிளம்பும் முன் போனில் நாளைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் போய், ஓ.பி. சீட்டும் போட்ட பிறகு, "இன்னைக்கு இல்லீங்க, செவ்வாய்க்கிழமை வாங்க" என்ற பதிலோடு பஸ் ஏறினோம். அன்று கடையும் மூடல்.

தனியாரில் நிபுணரின் முதல் சந்திப்புக் கட்டணம் நாங்கள் விசாரித்த இடங்களில் 500 முதல் 1,000 ரூபாய் வரை. எங்கள் மொத்தச் செலவைப் பார்த்தால், முதல் மாதமே இந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் மீதியெல்லாம் மிச்சம்.

6. பரிசோதனைகள்: மருத்துவரைப் பார்க்கும் முன் பேக்கேஜ் எடுக்காதீர்கள்

'ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்' என்று லேப்களில் ஒரு பேக்கேஜ் உண்டு. 3,000, 4,500 என்று இருக்கும். நாங்களும் எடுத்தோம். அதில் பாதி தேவையில்லாதது; தேவையான ஒன்று இல்லவே இல்லை. உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு எழுதும் பரிசோதனைதான் உதவும். ஒவ்வொன்றும் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. விலைகள் தனியார் லேப்களில் எங்களுக்குச் சொல்லப்பட்டவை; ஊருக்கு ஊர் மாறும்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எந்த நோய் என்று சொல்லாது. இ.எஸ்.ஆர். வயதானாலும், ரத்தசோகை இருந்தாலும், கர்ப்பத்திலும் ஏறும். லூப்பஸில் இ.எஸ்.ஆர். ஏறியும் சி.ஆர்.பி. சாதாரணமாகவும் இருப்பது வழக்கம். இரண்டும் சேர்த்து 500 முதல் 800 ரூபாய்.

ஆர்.ஏ. ஃபேக்டர்: ஆர்.ஏ. என்பது முடக்குவாதத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அந்தப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். முடக்குவாதம் உள்ள நூறு பேரில் எழுபது, எண்பது பேருக்குத்தான் பாசிட்டிவ் வரும். அந்த நோயே இல்லாத முதியவர்களுக்கும், ஷோக்ரன், ஹெபடைடிஸ் சி, காசநோய் உள்ளவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். அம்மாவுக்கு நெகட்டிவ். அதை வைத்தே ஒருவர் "வாதமே இல்லைம்மா, வயசுதான்" என்று கால்சியம் எழுதிக் கொடுத்தார். 400 முதல் 600 ரூபாய்.

ஆன்டி சி.சி.பி.: பேக்கேஜில் இல்லாமல் போனது இதுதான். இது பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம் என்பதற்குச் சாட்சி பலமானது. பொய்யாகப் பாசிட்டிவ் வருவது குறைவு. ஆனால் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. 1,200 முதல் 1,800 ரூபாய். 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் எத்தனை மூட்டு, இந்த இரண்டு ரத்தப் பரிசோதனை, இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., ஆறு வாரம் ஆகிவிட்டதா என்று நான்கு கணக்குகள். பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தால் முடக்குவாதம் என்று வகைப்படுத்துவார்கள். அதில் மூட்டுகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே ஐந்து மதிப்பெண் வரை உண்டு. அதனால்தான் விரலைத் தொட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் புரட்டுபவரிடம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஏ.எஸ்.ஓ.: பெரியவர்களின் மூட்டு வலிக்கு இதை எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தொண்டையில் ஒரு வகைக் கிருமி எப்போதோ வந்து போனது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. முக்கியமாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சலும் முடக்குவாதமும் வேறு வேறு. பெயர் ஒலிப்பதுதான் ஒன்று போல. இந்த ஒற்றை ரிப்போர்ட்டால் அம்மாவுக்கு ஐந்து மாதம் பென்சிலின் ஊசி போட்டார்கள். நீங்கள் பெரியவராக இருந்து, ஏ.எஸ்.ஓ. கூடுதல் என்று மட்டும் சொல்லி இந்த ஊசியை ஆரம்பித்தால், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

ஏ.என்.ஏ.: லூப்பஸ் முதலான நோய்களுக்கான வாசல் பரிசோதனை. லூப்பஸ் உள்ள அநேகமாக எல்லோருக்கும் பாசிட்டிவ். ஆனால் பாசிட்டிவ் உள்ள எல்லோருக்கும் லூப்பஸ் இல்லை. எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு 1:160 அளவிலும், பதின்மூன்று பேருக்கு 1:80 அளவிலும் பாசிட்டிவ் வந்ததாகப் பழைய ஆய்வு ஒன்று உண்டு (ரத்த நீரை அத்தனை மடங்கு நீர்த்துப் பார்த்தும் பாசிட்டிவ் என்று பொருள்). எனவே ரிப்போர்ட்டில் வெறும் 'பாசிட்டிவ்' என்று இருந்தால் போதாது. எந்த அளவு, நுண்ணோக்கியில் தெரிந்தது எந்த வடிவம் என்று வேண்டும். 'இம்யூனோ ஃப்ளோரசன்ஸ்' முறையில் செய்யச் சொல்லுங்கள். 800 முதல் 1,500 ரூபாய். 'ஏ.என்.ஏ. புரொஃபைல்' வேறு, அது 3,500 முதல் 6,000 வரை போகும். முதலாவது பாசிட்டிவ் வந்து, அறிகுறியும் இருந்தால்தான் வழக்கமாக இரண்டாவது. ஏ.என்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் மாதாமாதம் திரும்ப எடுப்பதில் பயனில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை: நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடியும் இது, லூப்பஸ் சந்தேகத்தில் விலையுயர்ந்த எல்லாவற்றையும்விட அவசரமானது.

யூரிக் ஆசிட்: கால் கட்டை விரலின் அடிக்கணு இரவில் திடீரென்று வீங்கி, போர்வை பட்டாலும் உயிர் போகிறது என்றால், யூரிக் ஆசிட்டால் வரும் கவுட் என்ற வாதமாக இருக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் சாதாரணமாகக் காட்டலாம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறுபக்கம், எந்த வலியும் இல்லாமல் யூரிக் ஆசிட் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் அதற்காகவே மாத்திரை தொடங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குக் கவுட் வருவது அரிது.

எச்.எல்.ஏ. பி27: முதுகுத்தண்டு அழற்சிச் சந்தேகத்துக்குப் பார்க்கும் மரபணு. 2,000 முதல் 3,000 ரூபாய். பிறவியிலேயே இது உள்ள பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. பாசிட்டிவ் என்று பயந்து தங்கச்சி, தம்பிக்கெல்லாம் எடுக்க ஓடாதீர்கள்.

எக்ஸ்ரே: வலி கையில், எங்களிடம் இருந்ததோ முழங்கால் படம் நான்கு. இரண்டு கையும் ஒரே படத்தில், இரண்டு பாதமும் ஒரே படத்தில் எடுப்பதுதான் முடக்குவாதத்துக்கு உதவும். ஆரம்பத்தில் சுத்தமாகவே இருக்கும். பிறகு ஒப்பிட அது வேண்டும். எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையிலுள்ள தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழக மையத்தில் கேளுங்கள். தனியாரைவிட மிகக் குறைவு.

தைராய்டு, சர்க்கரை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இரண்டுமே மூட்டு வலி தரும், மலிவாக முடியும்.

7. கையில் கொண்டு போக வேண்டியவை

ஒரு ஃபைல் வாங்குங்கள். பழையது கீழே, புதியது மேலே. ரிப்போர்ட், எக்ஸ்ரே படம் இரண்டும். படம் இல்லாமல் அதன் காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் பல இடங்களில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளும் வேண்டும். பெயர் தெரியாத பொடி, லேகியம், எண்ணெய் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள். அம்மா வாங்கிய பொடியில் மூன்றே நாளில் வலி பறந்தது. மூன்று மாதத்தில் முகம் வட்டமாக உப்பியது. ஸ்டீராய்டு கலந்த பொடிகள் அப்படித்தான் வேலை செய்யும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். பொடி வலியை மட்டுமல்ல, நோயின் அடையாளத்தையும் மறைத்துவிடும். வாரக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

போனில் போட்டோக்கள் முக்கியம். காலை ஆறு மணிக்கு வீங்கிய கையைப் பகல் வெளிச்சத்தில், மேலிருந்தும் பக்கவாட்டிலும், தேதி தெரிய எடுங்கள். தடிப்பு வந்தால் அன்றே எடுங்கள். மருத்துவமனை நாளில் அது மறைந்திருக்கும்.

ஒரு பக்கத்தில் கதையை எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, முதலில் எந்த மூட்டு, அடுத்து எது, விறைப்பு எத்தனை நிமிடம், காய்ச்சல், எடை குறைவு, குடும்பத்தில் யாருக்கு வாதம், சொரியாசிஸ், தைராய்டு. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதும் வேண்டும். பின்னால் மருந்து தேர்வு செய்ய உதவும்.

ஆதார், ரேஷன் அட்டை இரண்டின் அசலும் நகலும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பதைக் கேட்டு எல்லாச் செலவும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான் இது. வெளியே எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் மாதாந்திர மாத்திரைக்கும் நம் கைக்காசுதான், அல்லது அரசு மருத்துவமனை மருந்தகம். ஆனாலும் அட்டையைத் தேவை வரும் முன்பே எடுத்து வையுங்கள். படுக்கையில் சேர்த்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலைவது பெரும் கொடுமை.

8. சந்திப்பு நாள்

தாங்க முடிந்தால் அன்று காலை வலி மாத்திரையைத் தள்ளிப்போடுங்கள். வீக்கம் அவர் கண்ணில் படட்டும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்தாது. மோதிரம், இறுக்கமான வளையலைக் கழற்றிவிடுங்கள். நகத்தில் மருதாணியோ பாலிஷோ வேண்டாம். நகக் குழியும் நகவோரச் சிறு ரத்தக்குழாய்களும் தெரிய வேண்டும்.

"உடம்பெல்லாம் வலி" என்று ஆரம்பிக்காதீர்கள். அம்மா ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஒவ்வொரு இடத்திலும் சத்து மாத்திரை கிடைத்தது. "இந்த மூணு விரல், இந்த மணிக்கட்டு, காலையில ரெண்டு மணி நேரம் மடங்கல" என்று காட்டுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: இது எந்த நோய் என்று நினைக்கிறீர்கள், வேறு என்னவாக இருக்கலாம்? இந்தப் பரிசோதனை எப்படி வந்தால் சிகிச்சை மாறும்? உள்ளுறுப்பு ஏதாவது பாதிக்கப்பட்டிருக்கிறதா? சில சமயம் முதல் சந்திப்பில் பெயர் கிடைக்காது. "பார்க்கலாம், ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்பார்கள். அது தட்டிக்கழிப்பு அல்ல. இந்த நோய்கள் சில, அடையாளங்களை ஒவ்வொன்றாகத்தான் வெளியே விடும். பாஸ்போலிப்பிட் எதிர்ப்புப் பரிசோதனை (மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆனவர்களுக்குப் பார்ப்பது) போன்றவற்றை 12 வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் உறுதி செய்வார்கள். மறு தேதியைத் தவறவிடாதீர்கள்.

9. எவ்வளவு நாள் ஆகும்

எல்லாம் ஒழுங்காக நடந்தால்: வீட்டில் கவனித்துக் குறிப்பெடுக்க இரண்டு வாரம், நிபுணரின் நேரம் கிடைக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம், ரிப்போர்ட்டுகள் வர இரண்டு முதல் ஏழு நாள், மறு சந்திப்பு இரண்டு வாரத்தில். ஆக, வலி தொடங்கி மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிவிட முடியும். முடக்குவாதத்தில் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கிவிடலாம். அரித்தது திரும்ப வளராது. அம்மாவின் வலது மணிக்கட்டு எக்ஸ்ரேயில் சின்னதாக ஒரு கடி விழுந்தது போல இருக்கிறது. அது அந்தப் பதினான்கு மாதத்தின் கணக்கு.

10. பெயர் கிடைத்த முதல் மாதம்

மருந்தைத் தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி மற்றும் சி, நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பார்கள். வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஹைட்ராக்சி குளோரோகுயின் என்ற மாத்திரை எழுதினால் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கருவுக்குக் கேடு. மருந்து பிடிக்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பழைய பொடிக்காரரிடம் திரும்பாதீர்கள்.

எல்லாப் பொறியிலும் கொடியது மெத்தோட்ரெக்சேட் பொறி. அது வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் வாய் வெந்து, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகலாம். மருந்துக்கடையில் பழக்கத்தில் "தினம் ஒண்ணு" என்று கவரில் எழுதிவிடுவார்கள். எங்களுக்கே ஒருமுறை எழுதினார்கள். கிழமையை மருத்துவரிடமே சீட்டில் எழுதி வாங்குங்கள். கூடத் தரும் ஃபோலிக் ஆசிட்டை வேறு நாளில் சாப்பிடச் சொல்வார்கள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாக அமைந்துவிட்டால் மாறிப்போகும், தனித்தனி டப்பாவில் வையுங்கள். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வியாழக்கிழமைத் தாள்களின் மூலையை மட்டும் வருடம் முழுவதற்கும் மஞ்சள் தடவி வைத்திருக்கிறார். மஞ்சள் தெரிகிற அன்றுதான் மாத்திரை.